தங்கத்துக்கு எண் உண்டு, பட்டுக்கு?

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நகைக் கடைகளும் பட்டுக் கடைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே திருமணத்துக்காக இரண்டிலும் நுழையும் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மட்டும் ஒன்றல்ல. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் முத்திரையுடன் விற்கப்படும் ஒவ்வொரு தங்க நகையிலும் ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த தனி அடையாளம் இருக்க வேண்டும். அதைக் கைப்பேசிச் செயலியிலேயே சரிபார்க்கலாம். 'காஞ்சிபுரம்' என்று சொல்லித் தரப்படும் சேலைக்கோ பெரும்பாலும் விற்பவரின் வாக்கே சான்று.

அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டத்தின்கீழ் காஞ்சிபுரம் பட்டு 2005-06-இல் பதிவு பெற்றது. பொய்யாக அப்பெயரிட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நாடு முழுமைக்குமான பதிவகம் இருப்பதும் நம் கிண்டியில்தான். இருந்தும் விசைத்தறியில் நெய்து, செம்பு இழையையோ பாலியஸ்டர் இழையையோ ஜரிகையாக வைத்த சேலைகள் அதே பெயரில் விலைபோகின்றன.

காரணம், இப்பெயருக்குத் தனி உரிமையாளர் இல்லை என்பதே. ஒரு நிறுவனத்தின் வணிகச் சின்னத்தைத் திருடினால், நட்டப்படும் நிறுவனமே வழக்கறிஞரை அனுப்பும். புவிசார் குறியீடோ நெசவாளர் அனைவருக்கும் பொதுவானது. கூலிக்கு நெய்பவர் வழக்குச் செலவை ஏற்க முடியாது. காவல்துறை பொருளைக் கைப்பற்றுவதானாலும் முதலில் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும்.

இப்போதுள்ள முத்திரைகளும் முழு விடை தருவதில்லை. 'சில்க் மார்க்' தூய பட்டு என்று மட்டுமே சொல்லும். 'கைத்தறி முத்திரை' கையால் நெய்தது என்று மட்டுமே சொல்லும். எந்த ஊரில் நெய்தது என்பதை இரண்டும் சொல்வதில்லை.

இதில் ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் இணைக்கும் கோர்வை நெசவுக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் துணைக்கு இன்னொருவரும் வேண்டும். அந்த உழைப்பின் விலை விசைத்தறிச் சேலையின் விலையோடு ஒப்பிடப்படும்போது குறைவது நெசவாளரின் கூலி. அக்கூலியை நம்பி அடுத்த தலைமுறை தறியில் உட்காராது.

ஆகவே, தங்கத்துக்கு உள்ளதுபோல் ஒவ்வொரு காஞ்சிபுரம் சேலைக்கும் தனி எண் வழங்க வேண்டும் என்பது என் கருத்து. நெய்த கூட்டுறவுச் சங்கம், ஜரிகையின் வெள்ளி, தங்க அளவு ஆகியவை அந்த எண்ணில் தெரிய வேண்டும். அதுவரை வாங்குவோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டு' என்று ரசீதில் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதித் தந்தது பொய்யானால், நுகர்வோர் ஆணையத்தில் அந்த ரசீதே சான்றாகும்.