பெயர் உள்ள முகங்கள்

பேச்சு வராத குழந்தையிடம் எப்படிக் கேள்வி கேட்பது? ஒரே முகத்தின் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் குழந்தைக்குச் சலித்துவிடும். பிறகு அதே முகத்தையும் புது முகம் ஒன்றையும் அருகருகே வைத்தால் கண் புதிதின் பக்கம் போய் நிற்கும். இரண்டும் வேறு வேறு என்று அதற்குத் தெரிகிறது என்பதற்கு அந்தப் பார்வையே சாட்சி.

ஒலிவியே பஸ்காலிஸ் குழுவினர் 2002இல் இந்த முறையில் குரங்கு முகங்களைக் காட்டிப் பார்த்தார்கள். ஆறு மாதக் குழந்தைகளுக்குக் குரங்குக்குக் குரங்கு வித்தியாசம் தெரிந்தது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்குத் தெரியவில்லை; பெரியவர்களுக்கும் தெரியவில்லை. வளர வளர அறிவு கூடும் என்றுதானே நினைக்கிறோம்? இங்கே மூன்றே மாதத்தில் ஒரு திறமை கைநழுவிப் போகிறது. தினமும் பார்க்கும் முகங்களுக்காக மூளை தன்னைத் தீட்டிக்கொள்கிறது. பார்க்காத முகங்களின் நுட்பத்தை விட்டுவிடுகிறது.

மனித முகங்களிலும் இதுவே நடக்கிறது. டேவிட் கெல்லி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் வெள்ளையினக் குழந்தைகள் மூன்று மாதத்தில் ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு, சீன, ஐரோப்பிய முகங்கள் எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் பிரித்தறிந்தார்கள். ஒன்பது மாதத்தில் சொந்த இனத்து முகங்கள் மட்டுமே மிஞ்சின. ‘அவங்க எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் வேர் தொட்டிலில் இருக்கிறது. சாட்சி சொல்பவர் வேறு இனத்தவரை அடையாளம் காட்டும்போது இதே தடுமாற்றம் ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பிவிடலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், சில வழக்குகளில் இதை ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1999இல் தீர்ப்பளித்தது.

பிறப்பா, வளர்ப்பா? கொரியாவில் பிறந்து, மூன்று முதல் ஒன்பது வயதுக்குள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களை வளர்ந்தபின் 2005இல் சோதித்தார்கள். அவர்களுக்கு எளிதாகப் பிடிபட்டவை ஐரோப்பிய முகங்கள். தங்கள் சாயலில் இருந்த ஆசிய முகங்களில்தான் தடுமாறினார்கள். ஒன்பது வயதுவரைகூட இந்தக் கதவு மூடிவிடுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு லிசா ஸ்காட்டும் அலெக்ஸாண்ட்ரா மொனெசனும் 2009இல் வெளியிட்டது. ஆறு மாதக் குழந்தைகளின் வீடுகளுக்குக் குரங்குப் படப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் அதே படங்கள். ஒரு பிரிவினரின் புத்தகத்தில் ஒவ்வொரு குரங்குக்கும் தனிப்பெயர் இருந்தது. இன்னொரு பிரிவினருக்கு எல்லாப் படத்துக்கும் ‘குரங்கு’ என்ற ஒரே சொல். மூன்றாம் பிரிவினருக்கு வெறும் படம். பெற்றோர் மூன்று மாதம் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்கள். ஒன்பதாம் மாதத்தில், தனிப்பெயர் கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் மட்டுமே அந்தத் திறமை மிஞ்சியிருந்தது. மற்றவர்களும் அதே முகங்களைத்தான் பார்த்தார்கள், பயன் இல்லை.

இதைப் படித்த நாளிலிருந்து, நம் ஊர் ஹோட்டலில் மேசை துடைக்கும், கட்டடத்தில் சாரம் கட்டும் அசாம், ஒடிசா, பீகார் இளைஞர்களின் நினைவு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. தினமும் பார்க்கிறோம். ஆனால் நாம் கையில் வைத்திருப்பது இரண்டாம் பிரிவினரின் புத்தகம்: எல்லா முகத்துக்கும் ‘இந்திக்காரப் பையன்’ என்ற ஒரே சொல். ஒரே தெருவில் பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாமல் போவது இப்படித்தான் என்று நம்புகிறேன்.

முகங்களைத் தனித்தனியாக அறிந்துகொண்டால் மனச்சாய்வும் மாறுமா? சீனாவில் நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. சீன, ஆப்பிரிக்கச் சாயல்களைக் கலந்து செய்த முகங்களைக் காட்டினார்கள். சிரித்த முகத்தைச் சீனர் என்றும், கோபமான முகத்தை ஆப்பிரிக்கர் என்றும் குழந்தைகள் சொன்னார்கள். பிறகு சில ஆப்பிரிக்க முகங்களை ஆளுக்கு ஆள் அடையாளம் காணப் பழக்கினார்கள். அதன்பின் அந்தச் சாய்வு கணிசமாகக் குறைந்தது. சீன முகங்களை வைத்துப் பழகிய குழந்தைகளிடம் அப்படிக் குறையவில்லை.