தோற்கும் கட்சியின் அபிமானிகள்

சங்கத்து அன்பர்கள் நம்மைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கல்கத்தாவில் மோகன் பகான் என்னும் வெற்றிக் கட்சி கண்ணெதிரே இருக்க, ஈஸ்ட் பெங்காலைக் கட்டிக்கொண்டு ஏன் ஐயா அழுகிறீர்?" என்பதே அது. கேட்பவர்களில் பாதிப் பேர் கால்பந்தாட்டத்தைத் திரும்பியும் பாராதவர்கள். ஆயினும் நம் துன்பத்தில் அவர்களுக்கு ஒரு சுவை இருக்கிறது.

நாம் தேடிக்கொண்டதன்று இது, பிதிரார்ஜிதம். நம் தந்தையார் 1975-ஆம் ஆண்டில் ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டுக் கும்பகோணத்திலிருந்து இந்நகருக்கு வந்தார். அவருடன் ஓர் அறையில் தங்கியிருந்த வங்காள நண்பரின் குடும்பம், நாட்டுப் பிரிவினையின்போது பரிசாலில் வீடு, தோட்டம், குளம் அனைத்தையும் விட்டு வந்த குடும்பம். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம் அத்தகையோருக்கு விட்டு வந்த ஊருக்கு ஈடாகவே விளங்கியது. அந்த நண்பர்தான் தந்தையாரை முதன்முதல் மைதானத்துக்கு அழைத்துச் சென்றவர். அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5–0 என்று வீழ்த்தியது. 1970 முதல் 1975 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கையும் வென்றது. அந்நாளில் அபிமானியாவது எவ்வளவு எளிது! தந்தையார் வெற்றியைத் தேர்ந்தெடுத்தார். வட்டியை நாம் கட்டுகிறோம்.

அவர் இன்னொரு பெருமையும் பேசுவார். 1949, 50, 51 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து அக்கேடயத்தை வென்ற காலத்தில் முன்னணியில் ஆடிய அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டினர். வங்காளிகள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றே அழைத்தனர். "நம் பக்கத்து ஆட்கள் கட்டிய வீடடா இது" என்பார் தந்தையார். அவர் கண்ணால் கண்ட காலமன்று அது. ஆயினும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்லுவார்.

2019 ஜனவரியில் மோகன் பகானை 2–0 என்று வென்ற ஆட்டமே அவர் கண்ட கடைசி வெற்றி. அவ்வாண்டு மழைக்காலத்தில் அவர் மறைந்தார். அதன் பிறகு 2020 முதல் 2023 தொடக்கம் வரை, இவ்விரு கட்சிகளும் மோதிய எட்டு ஆட்டங்களிலும் நம் கட்சி தோற்றது. 2020-இல் ஐ.எஸ்.எல். போட்டியில் சேர்ந்தபின், 2024-25 வரையிலான ஐந்து பருவங்களில் ஒருமுறையேனும் முதல் ஆறு இடங்களுக்குள் வந்ததில்லை. 2021-22-இல் பதினொரு கட்சிகளுள் பதினோராவது இடம்.

அத்தோல்விகளுள் ஒன்றை மட்டும் சொல்லுவோம். 2022 ஜனவரி 29, கோவாவில் நடந்த ஆட்டம். நோய்த்தொற்றுக் காலமாதலால் தொலைக்காட்சியில்தான் கண்டோம். ஈஸ்ட் பெங்கால் முதலில் ஒரு கோல் போட்டு முன்னணியில் நின்றது. நம் நெஞ்சு நிமிர்ந்தது. மோகன் பகான் மாற்று ஆட்டக்காரனாக ஓர் இளைஞனை இறக்கியது. அவன் வந்ததும் ஒன்று போட்டுச் சமன் செய்தான். ஆட்டம் முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு போட்டான். 3–1. அந்த இளைஞன் கியான் நசிரி. யாருடைய மகன் தெரியுமா? 1980-களில் ஈஸ்ட் பெங்காலின் கண்ணின் மணியாக விளங்கிய ஈரானிய வீரர் ஜம்ஷித் நசிரியின் மகன்! அன்றிரவு நம் வீட்டில் யாரும் பேசவில்லை.

இவ்வாறு தோற்பவரிடம் இன்பம் ஏது என்று வினவலாம். நம் அலுவலிலிருந்தே விடை கூறுவோம். முன்பதிவு ஜன்னலில் காத்திருப்போர் பட்டியலில் 180-ஆம் எண் பெற்றவர் கவலையின்றி வேறு வழி தேடிப் போய்விடுவார். இருக்கை உறுதியானவரோ பெட்டியில் ஏறியதும் உறங்கிவிடுவார். காத்திருப்பு எண் 1 பெற்றவர்தாம் சார்ட் தயாராகும் கணம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். நம் கட்சி பெரும்பாலும் காத்திருப்பு எண் 1. 2024-25 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் அவற்றுள் நான்கு ஒரே கோல் வித்தியாசத்தில் போனவை. பெங்களூரிடம் 0–1, கேரளத்திடம் 1–2, கோவாவிடம் 2–3, ஒடிசாவிடம் 1–2. நாலு கோல் தோல்வி வந்தால் நாமும் இடைவேளையிலேயே எழுந்து போயிருப்போம். ஒரு கோல்தான் மனிதனைக் கடைசி விசில் வரை உட்கார்த்தி வைக்கிறது.

சமன் ஆவது மட்டுமன்றி, சில நாள் வெற்றியும் கிட்டும். 2023 ஆகஸ்ட் 12-இல் டுராண்ட் கோப்பை ஆட்டத்தில், சென்னை இளைஞரான நந்தகுமார் சேகர் வலப்புறத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடக்காலால் அடித்த பந்து மோகன் பகானின் வலைக்குள் வளைந்து சென்றது. 1–0. எட்டுத் தோல்விகளின் கணக்கு முடிந்தது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் வங்காளியர் வீட்டில் இலிஷ் மீன் மணக்கும். நம் நாட்டில் உல்லம் என்பது அதுவே. நம் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஆதலால் வெற்றிக்குக் கேசரி, தோல்விக்கு வெறும் ரசம் என்று இல்லாள் ஒரு சட்டம் வகுத்திருக்கிறாள். அன்று கேசரி கிண்டினாள். தந்தையார் படத்தின் முன் ஒரு கிண்ணம் வைத்தாள், நாம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில், பத்துப் பேராகக் குறைந்துவிட்ட மோகன் பகானிடமே 0–1 என்று தோற்றோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இனி, ஆறு தோல்விகளுக்குப் பின் வந்த 2024 நவம்பர் 9-ஆம் நாளுக்கு வருவோம். பத்து வயதுப் புதல்வன், பள்ளியில் தோழர்கள் செய்த கேலி பொறாமல், "அப்பா, நாமும் மோகன் பகானுக்கு மாறிவிடலாமா? தாத்தாதான் இப்போது இல்லையே" என்று காலையில் கேட்டிருந்தான். நமக்கு விடை கூறத் தோன்றவில்லை. மாலை, சியால்தாவில் மெட்ரோ ஏறி அவனைச் சால்ட் லேக் மைதானத்துக்கு அழைத்துச் சென்றோம். எதிர்க்கட்சி முகமதன் ஸ்போர்ட்டிங். முதல் அரை மணிக்குள் நந்தகுமாருக்குச் சிவப்பு அட்டை. ஆம், அதே நந்தகுமார்! சற்றைக்கெல்லாம் மகேஷ் சிங்கும் வெளியேற்றப்பட்டார். பதினொருவருக்கு எதிராக ஒன்பதின்மர், இன்னும் ஒரு மணி நேரம்.

"போய்விடலாமா?" என்று கேட்டோம். பையன் விடை கூறவில்லை. அவன் கண் பந்தைவிட்டு அகலவில்லை. ஒன்பதின்மரும் தம் கோலின் முன் சுவர் போல் நின்றனர். பந்து வந்தது, போயிற்று, மீண்டும் வந்தது. காவலர் கில் தாவிப் பிடிக்கும்போதெல்லாம், கோல் போட்டாற்போல ஆரவாரம் எழுந்தது. முன் வரிசையில் இருந்த வங்காள முதியவர் ஒருவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; ஆட்டத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. எண்பதாம் நிமிடத்துக்கு மேல் புதல்வன் நம் சட்டைக் கையைப் பற்றியவன், கடைசி விசிலுக்குப் பின்னும் விடவில்லை. 0–0. அந்தப் பருவத்தின் முதல் புள்ளி. அறியாதவர் அவ்வழியே சென்றிருந்தால், ஏதோ கோப்பையை வென்றுவிட்டார்கள் என்றே எண்ணியிருப்பர்.

பேருந்தில் திரும்பி வீடு சேர வெகுநேரமாயிற்று. கதவைத் திறந்த இல்லாள், "என்ன, கேசரியா, ரசமா?" என்றாள்.

"தோற்கவில்லை அம்மா! ஒன்பது பேர்தான் அம்மா!" என்று பையன் கூவினான். காலையில் கேட்டதை அவன் பிறகு கேட்கவில்லை, நாமும் நினைவூட்டவில்லை.

சட்டத்தில் இதற்கு விதி இல்லை என்று இல்லாள் சற்று நின்று யோசித்தாள். பிறகு ரசத்தைச் சுடவைத்து, கூடவே நாலு அப்பளம் பொரித்தாள்.