ஃபெராரியை வரைந்த கை, வண்டலூரில் பிறந்த கார்... ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ இன்று யாருக்குச் சொந்தம்?

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் சிவப்பு நிற ஃபெராரியும், அதை ஏலத்தில் எடுக்கும் கோடீஸ்வரரும்தான் நினைவுக்கு வருவார்கள். நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போகத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். ஃபெராரிக்கும் மசராட்டிக்கும் உடல் வரைந்த ஓர் இத்தாலியர் வரைந்த கார், 1961-லிருந்து நம்ம ஊரில், சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் இருந்த தொழிற்சாலையில் தயாரானது. பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள், பெயரைச் சொன்னதும் முகம் மாறும்.

இப்போது எஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் எல்லாமே 50 வயதைக் கடந்தவை. அதாவது, சட்டப்படி ‘விண்டேஜ்’ ஆகத் தகுதியான வயது. ஆனால் வயது மட்டும் போதாது. ஷெட்டில் நிற்கும் வண்டி பாரம்பரியச் சொத்தா, பேரீச்சம்பழத்துக்குப் போடும் இரும்பா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரு பழைய ஆர்சி புக்தான்.

யார் இந்த மிகெலோட்டி?

ஜியோவான்னி மிகெலோட்டி. 1921-ல் பிறந்தவர், இத்தாலியின் தூரின் நகரத்துக்காரர். வின்யாலே என்ற கார் உடல் கட்டும் நிறுவனத்துக்காக 1950-களில் அவர் வரைந்த வடிவங்களில் பல, ஃபெராரி சேஸிஸ் மேல் ஏறின. நீண்ட மூக்கோடு 1952-ல் வந்த ஃபெராரி 340 மெக்சிகோ அவர் வரைந்தது. மசராட்டி 3500 ஜிடி ஸ்பைடர், குட்டி பிஎம்டபிள்யூ 700 எல்லாம் அவர் பட்டியலில் உண்டு.

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு - ட்ரையம்ஃப் நிறுவனம் 1950-களின் பாதியில் ஒரு சிக்கலில் மாட்டியது. அதற்குக் கார் உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. புதுக் காருக்கு முழு உடலை ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் பழைய பாணிக்கே திரும்பினார்கள். கீழே தனி சேஸிஸ், அதன் மேல் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கும் உடல். வடிவம் கேட்டு தூரினுக்குப் போனபோது, மிகெலோட்டி சில நிமிடங்களில் வரைந்து நீட்டினார் என்று ட்ரையம்ஃப் ரசிகர்கள் இன்றும் கதை சொல்வார்கள். கதையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு அழகான வண்டி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

1962-ல் அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டே இருக்கையோடு, திறந்த கூரையோடு மிகெலோட்டி வரைந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை உற்பத்தியில் இருந்த பிரபல ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம்ம ஊர் ஹெரால்டு அதற்கு அண்ணன் முறை!

கோவென்ட்ரி டு வண்டலூர்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கியது. முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென், பென்னன்ட் என்று சின்னக் கார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் புதுக் கார் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். கல்கத்தா பக்கம் தயாரான அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மெட்ராஸின் ஸ்டாண்டர்டு. லைசென்ஸ் ராஜ் காலம் என்பதால், எத்தனை வண்டி செய்வது என்பதைக்கூட அரசு அனுமதிதான் முடிவு செய்தது.

ஹெரால்டு இங்கே பொருந்தியதற்கு அதன் ‘துண்டுத் துண்டு’ உடலும் ஒரு காரணம். பிரம்மாண்டமான பிரஸ் மிஷின்கள் இல்லாமலே பாகம் பாகமாகச் சேர்த்துவிடலாம். பிரிட்டனில் வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு, மெட்ராஸில் வசதியாகிப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் பாகங்களும் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கின. 1968-ல் வந்த மார்க் 3 மாடலுக்கு நான்கு கதவுகள். பிரிட்டனில் விற்ற ஹெரால்டு கடைசி வரை இரண்டு கதவோடுதான் இருந்தது. நாலு கதவு ஹெரால்டு நம்ம ஊர் ஸ்பெஷல். பின்னால் சாமான் ஏற்றுகிற மாதிரி ‘கம்பேனியன்’ என்ற எஸ்டேட் மாடலும் வந்தது.

இன்ஜின் கதை வேறு. பிரிட்டிஷ் ஹெரால்டு 948 சிசியில் தொடங்கி 1147, 1296 என்று வளர்ந்தது. நம்மிடம் 948 சிசி அப்படியே நின்றுவிட்டது. 1972-ல் பெயர் மாறி ‘கேஸல்’ ஆனபோதும் அதே இன்ஜின்தான்.

ஓட்டியவர்கள் மறக்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று, பானட். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்கும் முன்னால் கவிழும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இரண்டு, திருப்பம். வெறும் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுசாகத் திரும்பிவிடும். இன்றைய பல சின்னக் கார்களால்கூட முடியாத காரியம்.

குறையும் இருந்தது. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் அமைப்பு. பின்னால் நாலு பேர் ஏறினால் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். வேகத்தில் சட்டென்று வளைத்தால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். நம்ம ஊர் சாலைக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது ஒத்துவரவில்லை. அதனால்தான் கேஸலில் இரு பின்சக்கரங்களையும் ஒரே அச்சில் இணைத்தார்கள்.

1977-ல் கேஸலும் நின்றது. பிறகு சில ஆண்டுகள் வேன்கள் மட்டும். 1985-ல் ரோவர் உடலுக்குள் பழைய வேன்கார்டு வழி வந்த இன்ஜினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற சொகுசுக் காரை இறக்கினார்கள். மாருதி 800 ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது. விலை அதிகம், இன்ஜின் பழசு, எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி முடிந்தது.

நெய்வேலி மாதிரி ஊரில் ஒரு ஹெரால்டு இருந்தால்?

ஒரு கணக்குக்கு நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். ஹெரால்டு மெட்ராஸில் உற்பத்திக்கு வந்த அதே 1961-ல்தான் நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அகலமான சாலைகள், பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் வீடுகள். அந்த ஊரில் ஒருவர் 1968-ல் ஒரு மார்க் 3 வாங்கியதாக வைத்துக்கொள்வோம்.

குவார்ட்டர்ஸ் வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வண்டியைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம், இல்லை தெரிந்தவருக்குக் கை மாற்றிவிடலாம். அந்தக் கை மாற்றத்தில்தான் பிரச்னையே. “பேர் மாத்துறதை அப்புறம் பார்த்துக்கலாம் சார்” என்று காசு கொடுத்து, சாவி வாங்கி, ஆர்சியில் பழைய பெயரோடே ஓட்டுவது நம்ம ஊரில் இன்றும் நடக்கிறதுதானே?

மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுவாக ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வண்டியை விற்றுவிட்டாலும், பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவர் மீதுதான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாள்களுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் தந்து, 3 மாதங்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 1968-ல் வாங்கிய வண்டி மூன்று கை மாறி, மூன்று முறையும் பெயர் மாறாமல் இருந்தால்? இன்று அதை ஆசையாகத் துடைத்து வைத்திருப்பவர் கையில் சாவி இருக்கும், சட்டப்படி வண்டி இருக்காது.

விண்டேஜ் நம்பர் வாங்குவது எப்படி?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் பழைய வாகனங்களுக்குத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய டூ வீலர், கார்கள் விண்டேஜ். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு ‘விஏ’ என்ற ஆங்கில எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா கால நம்பர் பிளேட் மேல் பாசம் உள்ளவர்களுக்கு நல்ல செய்தி.

இதில் இரண்டு கிடுக்கிப்பிடிகள் உண்டு.

முதலாவது, இந்தியாவில் பதிவான வண்டிக்குப் பழைய ஆர்சி வேண்டும். மேலே சொன்ன ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ இங்கேதான் வந்து இடிக்கும்.

இரண்டாவது, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. ஹெரால்டுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். போல்ட் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த வண்டி அது. கூரைகூடத் தனியாகக் கழன்று வரும். ஸ்பேர் கிடைக்காத காலத்தில் கிடைத்த இன்ஜினை மாட்டி ஓட்டியவர்கள், கூரையை எடுத்துவிட்டு ‘ஓப்பன் கார்’ ஆக்கி அழகு பார்த்தவர்கள் எல்லாம் இந்த விதியில் தடுக்கி விழுவார்கள். காயலான் கடைக்குப் போகாமல் வண்டியைக் காப்பாற்றியதே அந்தப் பட்டறை வேலைகள்தான் என்பதை விதி கணக்கில் எடுக்கவில்லை.

விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு... இவ்வளவுதான். வாடகைக்கு விடவும் கூடாது. தினசரி ஓட்ட ஆசையென்றால், மற்ற பழைய கார்களைப் போல 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்கும் வழக்கமான பாதைதான்.

ஸ்பிட்ஃபயர் மேலேயே கண் இருந்தால்? அந்தக் கார் இங்கே தயாராகவே இல்லை. 1950-க்கு முந்தைய கார்களை மட்டும் விண்டேஜாக இறக்குமதி செய்யலாம் என்றிருந்த விதி 2025-ல் தளர்ந்து, 50 வயது கடந்த எந்தக் காரும் வரலாம் என்றானது. வரி மட்டும் கண்ணைக் கட்டும்.

ஹெரால்டையோ கேஸலையோ யாராவது விலைக்குச் சொன்னால், பெயின்ட்டைப் பார்க்கும் முன் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் பெயரும் ஆர்சியில் உள்ள பெயரும் ஒன்றா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்தப் பெயருக்கு உரியவரையோ அவர் வாரிசுகளையோ தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் வேலை உங்கள் தலையில் விழும். 1977-ல் வந்த கடைசி கேஸல்கள் விண்டேஜ் வயதை எட்டுவது 2027-ல். அந்தத் தேடலை இப்போதே தொடங்கினால், சொல்ல ஆள் இருப்பார்கள்.