நம்ம ஊர் வானத்துக்கு நம்ம ஊர் படம்!

குழந்தைகளே, மதுரையில் மாமா வீட்டைத் தேடுகிற ஒருவர் கையில் சென்னை வரைபடம் இருந்தால் என்ன ஆகும்? தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு, "இந்த ஊரே சரியில்லை" என்று அலுத்துக்கொள்வார், இல்லையா? தவறு ஊரில் இல்லை, கையில் இருக்கும் படத்தில்தான்.

வானத்திலும் இதே கதைதான். விண்மீன்களை அடையாளம் காண உதவும் படத்துக்கு "விண்மீன் வரைபடம்" என்று பெயர். இன்றைக்கு இணையத்தில் தேடினால் இலவசமாகவே நிறையப் படங்கள் கிடைக்கின்றன. பிரவுசிங் சென்டரில் சில ரூபாய் கொடுத்தால் அச்சிட்டும் தருவார்கள். ஆனால் அவற்றில் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக வரையப்பட்டவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்தில் நின்று வானத்தைப் பார்த்தால் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், புத்தகத்துப் படத்தில் துருவ நட்சத்திரம் உயரத்தில் இருக்கு. நம்ம ஊரில் புளியமரத்துக்குப் பின்னால் மறைஞ்சு போகுதே, ஏன்?" எவ்வளவு அருமையான கேள்வி! அவள் கண்ணும் சரி, நம் வானமும் சரி. அந்தப் படம்தான் வேறு ஊருக்கானது.

ஏன் இந்த வேறுபாடு?

பூமி உருண்டையானது. அதில் நாம் நிற்கும் இடம் மாறினால், தலைக்கு மேல் தெரியும் வானமும் மாறும். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறோம் என்பதை அட்சரேகை சொல்கிறது. பென்னாகரம் இருப்பது சுமார் 12 பாகை வடக்கில். லண்டன் இருப்பது 51 பாகைக்கும் சற்று மேல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆகவே பென்னாகரத்தில் வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலேதான் துருவ நட்சத்திரம் நிற்கும். ஒரு மரமோ வீடோ குன்றோ குறுக்கே இருந்தால் போயிற்று! லண்டனிலோ அது ஐந்து முஷ்டி உயரத்தில் இருக்கும்.

பாகைமானி, நூல், ஒரு சிறு கல் இருந்தால் இதை நீங்களே அளந்து பார்க்கலாம். பாகைமானியின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டிக் கல்லைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு வழியே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் 90-ஆம் பாகைக் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, அதுவே விண்மீனின் உயரம். உங்கள் ஊரின் அட்சரேகையும் கிட்டத்தட்ட அதுவே!

நமக்குக் கிடைத்த கூடுதல் வானம்

லண்டன் படத்தை வைத்துப் பார்த்தால் நமக்கு என்ன நஷ்டம்? கணக்குப் போடுவோம்.

பிப்ரவரி மாத நடுவில், இரவு 9 மணிக்கு வெளியே வாருங்கள். வேட்டைக்காரன் என்கிற ஓரியன் மண்டலம் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே இருக்கும். அதில் சிவந்து தெரிவது திருவாதிரை. நடுவில் வரிசையாக மூன்று விண்மீன்கள், அவைதான் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை. அந்த மூன்றையும் கோடாக நீட்டினால், ஒரு பக்கம் சிரியஸ் வரும். இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன் இதுதான். இன்னொரு பக்கம் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். சங்க நூல்கள் கார்த்திகையை "அறுமீன்" என்று சொல்கின்றன.

இப்போது தெற்கே திரும்புங்கள். அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் ஒரு விண்மீன் பளிச்சென்று தெரியும். அதுதான் அகத்தியர் விண்மீன். ஆங்கிலேயர் கனோபஸ் என்பார்கள். பிரகாசத்தில் சிரியஸுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் லண்டன்காரர்கள் ஊரில் இருந்தபடி இதை ஒருநாளும் பார்க்க முடியாது! அங்கே அது உதிப்பதே இல்லை. அவர்கள் படத்தில் அது இருக்காது. அந்தப் படத்தை நம்பினால், வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன் நமக்கும் இல்லாமல் போய்விடும்.

மே மாத நடுவில் இரவு 9 மணிக்கு இன்னும் பெரிய விருந்து. வடக்கே ஏழு விண்மீன்களால் ஆன சப்தரிஷி மண்டலம். அதே நேரத்தில் தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. நம் பெரியவர்கள் இதைத் திரிசங்கு என்பார்கள். அதற்கு இடப்பக்கம், அடிவானத்தை ஒட்டி இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும். அவற்றில் அடிவானத்துக்கு நெருக்கமாக இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் குடும்பம் அது. அங்கிருந்து ஒளி வந்து சேர 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

வடக்கே சப்தரிஷி, தெற்கே தென்சிலுவை, இரண்டையும் ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் நமக்கு உண்டு!

காவலூருக்கும் இதே வானம்

பென்னாகரத்திலிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஜவ்வாது மலை. அங்கே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இப்போது அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது.

1968-ல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986-ல் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதற்கு, அந்த ஆய்வகத்தை உருவாக்கிய விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

ஏன் காவலூர்? காடு சூழ்ந்த, இருட்டான மலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வட வானம், தென் வானம் இரண்டையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது. காவலூரின் அட்சரேகை 12 பாகை 34 கலை. பென்னாகரத்தோடு வேறுபாடு அரைப் பாகைக்கும் குறைவு. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் சுமார் ஒரு பாகை. அதில் பாதிகூட இல்லை! விஞ்ஞானிகள் தேடிப் போன அதே வானம்தான் உங்கள் மொட்டைமாடிக்கு மேலேயும் இருக்கிறது.

நல்ல படத்துக்கு ஐந்து அடையாளங்கள்

படத்தை அச்சிடும் முன் இவற்றைச் சோதியுங்கள்.

1. படம் ஒரு வட்டமாக இருக்கும். வட்டத்தின் ஓரம் அடிவானம். நடுப்புள்ளி உங்கள் தலை உச்சி. துருவ நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வடக்கு ஓரத்தை ஒட்டியே இருந்தால் அது நம் பகுதிக்கான படம். ஓரத்துக்கும் நடுவுக்கும் பாதி வழியில் இருந்தால் அது நம் ஊருக்கு ஆகாது.

2. எந்த மாதம், எந்த நேரம் என்று எழுதியிருக்க வேண்டும். விண்மீன்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே உதிக்கின்றன. ஒரு மாதத்தில் 2 மணி நேரம்! ஆகவே பிப்ரவரி 15 இரவு 9 மணிக்கான படம், ஜனவரி 15 இரவு 11 மணிக்கும், மார்ச் 15 இரவு 7 மணிக்கும் பொருந்தும்.

3. வடக்கு மேலே இருந்தால், கிழக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். "இந்திய வரைபடத்தில் கிழக்கு வலப்பக்கம்தானே?" என்று கேட்பீர்கள். அது கீழே இருக்கும் தரையின் படம். இது மேலே இருக்கும் வானத்தின் படம். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

4. விண்மீன்கள் குறைவாக இருக்க வேண்டும். முழு வானிலும் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடியவை சுமார் 6,000. அத்தனையும் போட்ட படம், எள் கொட்டிய தாள் மாதிரி இருக்கும். தொடக்கத்தில் முக்கியமான ஐம்பது, நூறு போதும். பெரிய புள்ளி என்றால் பிரகாசமான விண்மீன் என்று பொருள்.

5. வெள்ளைத் தாளில் கருப்புப் புள்ளிகள் இருக்கட்டும். கருப்பு வானமாக அச்சிட்டால் மையும் வீண், பென்சிலால் குறிக்கவும் முடியாது, ஜெராக்ஸும் தெளிவாக வராது.

நீங்களே செய்யலாம்

பொருத்தமான படம் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். ஸ்டெல்லேரியம் என்று ஓர் இலவசக் கணினி மென்பொருள் இருக்கிறது. பள்ளிக் கணினி அறையில் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுங்கள். பென்னாகரம் என்றால் 12.1 வடக்கு, 77.9 கிழக்கு. தேதியையும் நேரத்தையும் கொடுத்து, முழு வானமும் ஒரு வட்டத்துக்குள் வரும்வரை காட்சியைச் சிறிதாக்குங்கள்.

இப்போது வெள்ளைத் தாளில் காம்பஸால் பெரிய வட்டம் போடுங்கள். திரையைப் பார்த்து, மிகப் பிரகாசமான இருபது விண்மீன்களை மட்டும் புள்ளியாக வையுங்கள். பக்கத்தில் தமிழ்ப் பெயர்களை எழுதுங்கள்: ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம்... பாட்டிக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் உங்கள் படத்தில் வந்துவிடும்! அந்த ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்தால் வகுப்புக்கே போதும். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாள்கள் சேர்ந்தால், அதுவே உங்கள் ஊரின் வானப் புத்தகம்.

பார்க்கும் முறை

அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்கள் துணையோடு மொட்டைமாடிக்கோ களத்துமேட்டுக்கோ போங்கள். விளக்குகளை அணைத்துவிட்டு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். கண் இருட்டுக்குப் பழகிவிடும். படத்தைப் பார்க்க டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி, பழகிய கண்ணை அதிகம் கெடுக்காது. செல்போனை எடுக்கவே வேண்டாம்!

ஓர் இரவுக்கு ஐந்து விண்மீன்கள் போதும். கண்டுபிடித்ததைப் பென்சிலால் 'டிக்' செய்யுங்கள்.

படத்தில் இல்லாதது தெரிந்தால்?

அதுதான் சுவாரசியமே! படத்தில் இல்லாத ஒன்று மின்னாமல் பளிச்சென்று நின்றால், அது வெள்ளி, வியாழன் போன்ற கோளாக இருக்கலாம். கோள்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், எல்லா ஆண்டுக்கும் பொதுவான படத்தில் அவற்றைப் போடமாட்டார்கள். தேதி எழுதி அதைக் குறித்து வையுங்கள். வாரங்கள் போனால் அது நகர்வதை நீங்களே பார்க்கலாம்.

சில சமயம் விண்மீனே மாறும். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. தென் வானில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை அவர் 1867-ல் கண்டுபிடித்தார். ஆர் ரெடிகுலி என்பது அதன் பெயர். அதுவும் லண்டனில் தெரியாத விண்மீன்தான்! 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது, அதை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளிலும் அவர் சிறு நூல் வெளியிட்டார். வானம் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

நம் காலத்திலும் நடந்தது. 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில், வழக்கமாகத் தன்னைவிட மங்கலாக இருக்கும் ரோகிணியைவிடவும் மங்கிப் போனது. தொலைநோக்கியே இல்லாமல், வெறும் கண்ணால் இரண்டையும் ஒப்பிட்டவர்களுக்கு இது தெரிந்தது. திருவாதிரை வெளியேற்றிய வாயு குளிர்ந்து தூசு மேகமாகி, அதன் ஒளியை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். சில வாரங்களில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தானே மாறியது தெரியும்? அதற்குத்தான் சரியான படமும், தொடர்ந்து பார்க்கிற பழக்கமும் வேண்டும்.

என்ன, தாளும் காம்பஸும் எடுத்தாயிற்றா? முதல் புள்ளியாகத் துருவ நட்சத்திரத்தை வையுங்கள். வடக்கு ஓரத்தை ஒட்டியே வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்!