ராத்திரியில் கரன்ட் குடிக்கும் கார்!

புதன்கிழமை ராத்திரி இரண்டு மணி. அப்பாவுக்கு மூச்சுத் திணறல். சேலையூரில் எங்கள் தெருவே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, பனியனோடு ஓடிப்போய்க் காரில் சாவியைத் திருகினேன். 'டிக்... டிக்... டிக்...' அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. இத்தனைக்கும் இரண்டு மாதத்துக்கு முன்னால் மாற்றிய புத்தம்புது பேட்டரி!

பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் லுங்கியோடு வந்து காப்பாற்றினார். அப்பா இப்போது சௌக்கியம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, இந்தக் கார் லோன் இன்னும் எத்தனை மாசம் பாக்கி?"

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் என் மாதிரி ஆசாமிகள் ஏராளம். வாரம் பூரா மின்சார ரயிலில் தொங்கல். கார், வாசலில் கவர் போர்த்திக்கொண்டு தூங்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடம்பாக்கம் கோயில், மார்க்கெட் என்று நாலு கிலோமீட்டர். அடுத்த வாரம் சாவி போட்டால் சத்தமே இருக்காது. 'பேட்டரி அவுட் சார், மாத்திருங்க' என்பார் ஒருத்தர். மாற்றினேன். மறுபடி படுத்தது. 'ஆல்டர்னேட்டர் வீக்' என்றார் இன்னொருத்தர். இருவருமே மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. நானும் பாருங்கள் என்று கேட்கவில்லை!

கடைசியில் பக்கத்து வீட்டு மாமாவிடம் போனேன். ரயில்வேயில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் குப்பை கொட்டி ரிட்டயரானவர். "பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேர்ந்து ஓடுது. வண்டி நின்னா உடனே புது வண்டி வாங்குன்னு நாங்க சொல்லியிருந்தா, நீயெல்லாம் ஆபீஸ் போயிருப்பியா?" என்று ஆரம்பித்தார்.

"பேட்டரிங்கிறது மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி மாதிரிப்பா. காலியானா மூணே காரணம்தான். ஒண்ணு, தொட்டியிலேயே ஓட்டை. இல்லை, மோட்டார் தண்ணி ஏத்தலை. ரெண்டும் இல்லேன்னா, எவனோ குழாயைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டான்."

முதலில் தொட்டி. பேட்டரியைக் கடையில் முழுசாக சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி ஒரு ராத்திரி சும்மா விட்டோம். காலையில் நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரிக்கு அதுதான் லட்சணம். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வறட்சி. செல்ஃப் அடிக்கும்போதும் 9.6-க்குக் கீழே விழவில்லை. தொட்டி தேவலை. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததை மட்டும் ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்தார்.

அடுத்தது மோட்டார். எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் 14.2. பதிமூன்றே முக்காலுக்கும் பதினாலரைக்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். (எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கிற பழைய வித்தை ஒன்று உண்டு. டைனமோ வண்டிக் காலத்தோடு அது போகட்டும். இன்றைய கார்களில் செய்தால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி பொசுங்கிவிடலாம்.)

ஆக, பாக்கி குழாய்தான்!

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, கதவு, டிக்கி எல்லாவற்றையும் சாத்தினோம். மைனஸ் வயரைக் கழற்றி, பேட்டரிக்கும் அந்த வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சொருகி மாட்டினார் மாமா. "இப்ப மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணித் தொலைச்சே, மீட்டருக்குப் பால்தான்" என்று எச்சரிக்கை. காரின் எலெக்ட்ரானிக் சமாசாரங்கள் தூங்கப்போக அரைமணி ஆகும். அதற்குள் காபி வந்தது.

கடிகாரம், அலாரம் வகையறாவுக்கு 0.05 ஆம்பியருக்குள் ஓடினால் நியாயம். எங்கள் மீட்டரில் 0.45! மாமா ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஸ்டீரியோ... ம்ஹும். ஹாரன்... ம்ஹும். உள்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும், பொசுக்கென்று 0.03.

ஆனால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லையே?

மாமா யோசித்தார். ஃபியூஸைத் திரும்பச் சொருகி, என் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினார். ஒரு நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால்... மூடிய டிக்கிக்குள் விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிகிறது! எப்போதோ அரிசி மூட்டையை இழுத்துப் போட்டதில் ஸ்விட்ச் நசுங்கி, அப்படியே மாட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டால் வயிற்றைக் கலக்கியது. 5 வாட் பல்பு. மணிக்கு 0.4 ஆம்பியர்-மணி, நாளைக்குப் பத்து. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர்-மணி. ஞாயிறு ராத்திரி நிறுத்தினால் புதன் ராத்திரிக்குள் கதை கந்தல். இப்படி அடிக்கடி அடிவரை வற்றினால், உள்ளே ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகி, நல்ல பேட்டரியும் செத்துப்போகும். சென்னை வெயில் ஏற்கெனவே அதன் ஆயுளைக் குறைக்கிறது, இது வேறு! பழைய பேட்டரியை நான்தான் கொன்றிருக்கிறேன். பாவம், அது பேரில் பழி.

ஸ்விட்சை மாற்றியாயிற்று. ஆறு நாள் சும்மா நின்ற பிறகு அளந்தேன்: 12.5. சாவியைத் திருகியதும் 'விர்ர்ர்' என்று கிளம்பியது.

இப்போதெல்லாம் அரிசி மூட்டை பின்சீட்டில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வருகிறது. "எனக்கே இவ்ளோ மரியாதை இல்லை" என்கிறார் அப்பா.