‘ரோடு’ என்ற சொல்லுக்குள் இருக்கும் இலக்கணம்

விழுப்புரம்–காட்பாடி இருப்புப்பாதையில் களம்பூரில் அமைந்துள்ள ரயில் நிலையத்தின் பெயர் ‘ஆரணி ரோடு’. பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணிக்கு வழிகாட்டும் அந்தப் பெயரிலுள்ள ஓர் ஆங்கிலச் சொல், அம்மொழியைக் கற்கும் தமிழ்க் குழந்தை எங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்பதை விளக்கப் போதுமானது.

தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால், இரவல் வந்த சொல்லின் ஈற்றில் ஓர் உகரம் சேர்ந்துகொள்கிறது. தன் ஒரு மாத்திரை அளவிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகி ஒலிக்கும் இதனை இலக்கண நூல்கள் குற்றியலுகரம் என்கின்றன. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் அடுத்தடுத்து வருவதையும் தமிழ் ஏற்காததால் ‘ஸ்கூல்’ பேச்சுவழக்கில் ‘இஸ்கூல்’ ஆகிறது. மேலங்கியையும் குறியீட்டையும் சுட்டும் சொற்களைக் குரல்வளை அதிர்வைக் கொண்டு ஆங்கிலம் வேறுபடுத்த, தமிழர் நாவோ முன்னதைக் ‘கோட்டு’ என்று இரட்டித்தும் பின்னதைக் ‘கோடு’ என்று இரட்டிக்காமலும் ஒலித்து, அதே வேறுபாட்டைத் தன் வழியில் காத்துக்கொள்கிறது.

வேற்றுமை உருபுகளிலும் இதுவே நிகழ்கிறது. ஊரில், பேருந்தில், வீட்டில் என மூன்று இடங்களுக்கும் தமிழில் ‘இல்’ ஒன்றே போதும். ஆங்கிலமோ முறையே ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ என்று மூன்று சொற்களைக் கேட்பதால், மாணவர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகிறார்.

தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடையே கற்பவர் மனத்தில் உருவாகும், தனக்கென விதிகள் கொண்ட இந்த அமைப்புக்கு லாரி செலிங்கர் 1972இல் பெயரிட்டார். அதைத் தமிழில் ‘இடைமொழி’ எனலாம். இதன்படி பல பிழைகள் அறிவுக்குறையின் அடையாளங்கள் அல்ல. முன்பே கைவந்த ஓர் இலக்கணம் புதிய மொழியிலும் தொடர்ந்து இயங்குவதன் அடையாளங்கள். தமிழ் கற்கும் ஆங்கிலேயருக்கு லகர, ளகரங்கள் ஒன்றுபோலக் கேட்பதற்கும் காரணம் இதுவே.

பிழை குறித்த அச்சமோ கற்கும் சூழலைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் சௌராட்டிரமோ தெலுங்கோ வீட்டுமொழியாக இருக்க, அக்குழந்தைகள் தெருவிலும் தறியருகிலும் தமிழை அச்சமின்றிக் கற்றுவிடுகின்றனர். அங்கே பேச்சுக்கு மதிப்பெண் இல்லை, பேசியாக வேண்டிய தேவை மட்டுமே உண்டு. 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழ்நாட்டின் வகுப்பறைகளில் ஆங்கிலம் பாடமாக இருந்தும், பலருக்கு அது தேர்வுத்தாளில் மட்டுமே எதிர்ப்படும் மொழியாக நின்றுவிடுவதால், பிழை நேருமோ என்ற கூச்சம் நாவைக் கட்டிப்போடுகிறது.

ஆகவே ‘இஸ்கூல்’ என்று சொல்லும் குழந்தையைக் கண்டு வகுப்பு சிரிக்கும் முன், அந்த இகரம் ஏன் வந்தது என்பதை ஆசிரியர் தமிழிலேயே விளக்குவது கற்பித்தலின் முதற்படியாக வேண்டும். தன் நா ஒரு விதிக்குக் கட்டுப்பட்டே அப்படி ஒலித்தது என்று அறியும் குழந்தைக்கு, இன்னொரு மொழியின் விதியையும் தன்னால் கற்க முடியும் என்ற துணிவு பிறக்கும்.