உடலே போட்டுத் தரும் குழாய்

கடுகளவு வளர்ந்ததும் கட்டி நின்றுவிட்டது. 1960களின் தொடக்கத்தில், பெதஸ்டாவிலிருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், ஜூடா ஃபோக்மன் என்ற இளம் டாக்டர் சக டாக்டர் ஃப்ரெடரிக் பெக்கருடன் சேர்ந்து, உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பியில் புற்றுசெல்களை விட்டுப் பார்த்தார். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளரவில்லை. அதே கட்டியை எலிக்குள் வைத்தால் மளமளவென்று பெருத்தது. கட்டி தனக்கான ரத்தக்குழாயை வரவழைத்துக்கொள்கிறது என்று 1971இல் ஃபோக்மன் எழுதினார். பல ஆண்டுகள் அதைப் பலரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டி எப்படி வரவழைக்கிறது என்பதற்குப் பெருங்குடலை எடுத்துக்கொள்வோம். அதன் உட்சுவரில் செல்கள் கூடிக் கூடிப் பெருகும்போது நடுவில் மாட்டிக்கொண்டவற்றுக்கு மூச்சு முட்டுகிறது. குழாயிலிருந்து ஆக்சிஜன் ஊறிப் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆக்சிஜன் தாராளமாக உள்ள செல்லில் ஹிஃப் என்ற புரதம் உண்டான வேகத்தில் சிதைந்துவிடும். தட்டுப்பாடு வந்தால் தங்கிவிடும். (செல் ஆக்சிஜனை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2019இன் மருத்துவ நோபல்.) தங்கிய ஹிஃப், வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. ‘இங்கே குழாய் வேண்டும்’ என்ற விண்ணப்பம் அது. பக்கத்துக் குழாயின் செல்கள் அதைப் பெற்றதும் முளைவிட்டுக் கட்டியை நோக்கி நீள்கின்றன.

இதைத் திருட்டு இணைப்பு என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது சரியாகப் படவில்லை. புண் ஆறும்போதும் கரு வளரும்போதும் உடல் ஏற்கிற அதே விண்ணப்பம்தானே! உடலே வந்து குழாய் போட்டுத் தருகிறது. வேலைதான் படுமோசம்: கோணல்மாணல், எங்கும் ஒழுகல். அந்த ஓட்டைகளில் நுழைந்த புற்றுசெல், குடலின் ரத்தம் நேரே போய்ச் சேரும் கல்லீரலில் இறங்கிவிடலாம்.

விண்ணப்பத்தை வழியிலேயே மடக்கும் மருந்து பெவாசிஸுமாப். 2004 பிப்ரவரியில் அமெரிக்கா அதை முதலில் அனுமதித்தது, பரவிவிட்ட குடல் புற்றுக்குத்தான். 813 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், கீமோவோடு இதையும் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. கட்டியைப் பட்டினி போட்டே கொன்றுவிடலாம் என்று நம்பியவர்களுக்கு முழுதாக 5 மாதம்கூடக் கிடைக்கவில்லை. கட்டியை அகற்றிய பிறகு, நோய் திரும்பாதிருக்கக் கொடுத்துப் பார்த்ததிலும் பலனில்லை.

புண்ணுக்கும் கட்டிக்கும் விண்ணப்பம் ஒன்றே என்பதால், இந்த ஊசி போட்டவருக்கு ஆபரேஷன் காயமும் லேசில் ஆறாது. கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் ஊசியை நிறுத்திவைக்கிறார்கள்.